சங்கு ஊதியபோது விழித்திருந்தேன்

பித்தப்பைக் கல்லுக்காக எனக்கு முழு மயக்கம் கொடுத்து ஆபரேஷன் செய்தார்கள். நடுவில், என் கணவர் வேலை பார்க்கும் மைன்ஸின் ஷிஃப்ட் சங்கு என் காதில் விழுந்தது. வயிற்றுக்குள் கத்தி போவதும் தெரிந்தது. கத்தப் பார்த்தேன், விரல்கூட அசையவில்லை. "எங்க குவார்ட்டர்ஸ் ஒழுகிக்கினே இருக்குங்க டாக்டர்" என்று நர்ஸ் பேசிக்கொண்டிருந்தாள்.

பிறகு சொன்னபோது, "கனவு கண்டிருப்பே" என்றார் என் கணவர். நர்ஸிடம் அவள் பேச்சையே திருப்பிச் சொன்னேன். அவள் முகம் வெளிறிவிட்டது.

மயக்க டாக்டர் மட்டும் ஒப்புக்கொண்டார்: "தூங்க வைக்கிற மருந்து மூளைக்குப் பத்தலைம்மா. தசையை அசையவிடாத மருந்து மட்டும் முழுசா வேலை செஞ்சிருக்கு."

புண் ஆறிவிட்டது. தூக்கம்தான் திரும்பவில்லை, கண்ணை மூடவே பயம். இப்போதும் ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் சங்கு ஊதுகிறது. கணவர் சைக்கிளை எடுக்கிறார். நான் முதலில் விரலை அசைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.