நாலாவது பேரல்

பத்து மணிக்குப் பேரல்களின் மூடியைத் திறப்பார்கள். ஒன்பதே முக்காலுக்குள் டெல்சி நாலாவது பேரலைப் பத்துத் தடவை திரும்பிப் பார்த்துவிட்டாள்.

அருமனைக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், பால் சேர்க்கும் ஷெட்டில் அவளுக்குப் பதினோரு வருட வேலை. மரத்திலிருந்து வெட்டி எடுத்த பால் உறையாமல் இருக்க, ஒவ்வொரு பேரலிலும் அமோனியா ஊற்ற வேண்டும். அந்த நெடியில் வலது கண் மங்கிப் போனது. இப்படியே போனால் இரண்டு வருடத்தில் இடது கண்ணும் போய்விடும் என்றார் டாக்டர்.

போன வருடம் பல்கலைக்கழகத் துணைவேந்தர் அம்மா இந்த ஷெட்டுக்கு வந்தார். கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து டெல்சியின் கண்ணைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போனவர் சும்மா இருக்கவில்லை. அமோனியாவுக்குப் பதில் வேறு மருந்து செய்யும் வேலையை ஆய்வு மாணவி இந்துஜாவிடம் கொடுத்தார். தோட்டத்துப் பாலை முழுக்க வாங்கும் கையுறைக் கம்பெனிக்கு ஏழெட்டுத் தடவை நடந்தார். கம்பெனி மேலாளர் சபீர் கடைசியில் இறங்கி வந்தார். புது மருந்து ஊற்றிய எட்டு பேரல் பாலும் மறுநாள் காலை வரை உறையாமல் இருந்தால் ஒப்பந்தத்தில் கையெழுத்து.

"ஏட்டி டெல்சி, ரெண்டும் கலந்தா பால் கட்டியாயிரும். அமோனியா டின்ன தொட்டேன்னு தெரிஞ்சா அன்னைக்கே ஒனக்க சீட்டு கிழிஞ்சிரும்" என்று நேற்று காலையிலேயே எச்சரித்திருந்தார் சூப்பர்வைசர் நேசையன்.

அப்படியும் தொட்டுவிட்டாள். நேற்று மதியம் மழை தூறியது. மழைத்தண்ணீர் விழுந்து பால் கெடும் முன் பால் வெட்டுகிறவர்கள் வாளிகளோடு ஓடி வந்து, "ஊத்துட்டி, சீக்கிரம் ஊத்து" என்று நெருக்கினார்கள். நாலாவது பேரலில் ஒரு குவளை அமோனியா போன பிறகுதான் அவளுக்குச் சுரணை வந்தது. 'மாதாவே, ஒண்ணும் ஆகாம பாத்துக்கோ' என்று சிலுவை போட்டு, அதன்மேல் புது மருந்தையும் ஊற்றி மூடிவிட்டாள்.

துணைவேந்தரும் இந்துஜாவும் சபீரும் வந்து நின்றார்கள். முதல் மூன்று பேரலிலும் பால் தண்ணீராக ஓடியது. நாலாவதில் நேசையன் கம்பை விட்டார். உறைந்த பாலில் கம்பு நட்டபடி நின்றது.

"காலேஜு மருந்து காலேஜிலதான் வேல செய்யும் போல" என்றார் நேசையன்.

சபீர் ஒப்பந்த ஃபைலை மூடினார். "மன்னிக்கணும் மேடம். எட்டுல ஒண்ணு போனா என்னால தாங்க முடியாது."

"அளவெல்லாம் சரியாத்தான் போட்டேன் மேடம்" என்ற இந்துஜாவின் குரல் உடைந்தது.

டெல்சி மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டால் வேலை இருக்கும், கண் போகும். சொன்னால் வேலை போகும். இதில் அந்தப் பெண்பிள்ளை என்ன பாவம் செய்தாள்?

"சார், மருந்துக்க மேல பழி போடாதீங்க. எனக்க கைதான் பெழச்சுப் போச்சு. நாலாவதுல நான் அமோனியாவும் ஊத்திட்டேன்."

"ஏட்டி! சொன்னேனா இல்லியா? நாளைக்கு கேட்டுக்குள்ள கால் வச்சிராத!" என்று பாய்ந்தார் நேசையன்.

துணைவேந்தர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். "ஏம்மா ஊத்துனீங்க?"

"மழ வந்தா கை தன்னால போவும் மேடம். பதினோரு வருசமாட்டு பழகின கையில்லியா?"

"மத்த ஷெட்டுலயும் இப்படி நடக்குமா?"

"பின்ன நடக்காதா? எல்லாருக்க காலுக்கடியிலயும் அந்த டின்னுதான கெடக்கு."

துணைவேந்தர் சபீரைப் பார்த்தார். "கேட்டீங்களா? நீங்க கையெழுத்துப் போட்ட பிறகு இது நடந்திருந்தா எத்தனை ஷெட்டுப் பால் கெட்டிருக்கும்? இந்துஜா, அமோனியா விழுந்தாலும் தாங்குற மாதிரி மருந்த மாத்தணும். ஒரு மாசம் போதுமா?"

இந்துஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

சபீர் நேசையன் கையிலிருந்து கம்பை வாங்கினார். மிச்சமிருந்த நாலு பேரலையும் தானே திறந்து கம்பை விட்டுப் பார்த்தார். நாலிலும் பால் ஓடியது.

"ஒரு மாசம். அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது."

"அன்னைக்கும் இவங்கதான் ஊத்தணும்" என்றார் துணைவேந்தர், டெல்சியைக் காட்டியபடி நேசையன் பக்கம் திரும்பி. "இவங்க இல்லன்னா நானும் வர மாட்டேன்."

நேசையன் சபீர் முகத்தைப் பார்த்தார். சபீர் தலையசைத்ததும், "ஆகட்டும் மேடம்" என்று முனகினார்.

கார்கள் போயின. புது மருந்தும் இந்துஜாவோடு போயிற்று. மதியப் பால் வந்து இறங்கியபோது பழைய டின்தான் காலடியில் இருந்தது.

"பாத்து ஊத்துட்டி" என்றார் நேசையன், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "இன்னும் முப்பது நாளு இருக்கு."

டெல்சி நனைத்த துணியை மூக்கில் கட்டினாள். மிச்சமிருக்கும் இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு, மங்கிய வலது கண்ணால் பார்த்துப் பார்த்து ஊற்றினாள்.