லிட்மஸ் டீச்சரின் மூன்று பத்தி அட்டவணை

அந்தப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் வேதியியல் ஆசிரியைக்கு மாணவிகள் இட்ட பெயர் லிட்மஸ். கோபம் வந்தால் அவருடைய முகம் சிவக்கும். தலைமையாசிரியை எதிரே வந்து நின்றால் அதே முகம் வெளிறி நீலம் பாய்ந்துவிடும். இருபத்து நான்கு ஆண்டுகளாக அப்பெயர் ஒரு வகுப்பிடமிருந்து அடுத்த வகுப்புக்குப் பத்திரமாகக் கைமாறி வந்தது. ஆசிரியைக்கு அது தெரியும். பெயர் வைத்தவளுக்கு அமிலமும் காரமும் ஒழுங்காகப் புரிந்திருக்கின்றன என்று உள்ளூர ஒரு திருப்திகூட உண்டு.

இவ்வுலகில் அவர் அசையாத நம்பிக்கை வைத்திருந்தது உப்புப் பகுப்பாய்வின்மேல். பெயர் தெரியாத வெள்ளைத் தூளைக் கையில் கொடுத்தால், ஒன்றன்பின் ஒன்றாகச் சோதனைகளைச் செய்து, கண்ணில் பட்டதைக் குறித்து, அது இன்னதென்று அடித்துச் சொல்லிவிடலாம். சோதனை, காண்பன, அறிவன என்று மூன்று பத்திகள். எந்தச் சிக்கலையும் அந்த மூன்றுக்குள் அடைத்துவிடலாம் என்பது அவர் கொள்கை. அடைபட மறுப்பவை சிக்கல்களே அல்ல, சோம்பேறித்தனம்.

இப்படிப்பட்டவரிடம் மனம் பற்றிய வகுப்பை ஒப்படைத்தது யார் குற்றம் என்றால், அவருடைய கழுத்தின் குற்றம். ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியை பேசிக்கொண்டிருந்தார். ஒரு மாணவிக்கு மனம் சரியில்லை என்றால் அது முதலில் தெரிவது பக்கத்தில் இருப்பவளுக்குத்தான். அதை அடையாளம் காணவும் துணை நிற்கவும் மாணவிகளுக்கே கற்றுக்கொடுக்க வேண்டும். யார் பொறுப்பேற்கிறீர்கள் என்று கேட்டார். கணக்கு ஆசிரியை மின்விசிறியின் இறக்கைகளை எண்ணத் தொடங்கினார். விளையாட்டு ஆசிரியை முழங்காலைத் தடவிக்கொண்டார். குனிந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த லிட்மஸ், அறை ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று தலையை நிமிர்த்தினார். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டார்.

இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். முதல் நாள் முழுவதும் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்தார். இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பின் நாற்காலி சற்று வசதியாக அமைந்துவிட்டது. கைதட்டல் கேட்டுத்தான் கண் விழித்தார். குற்ற உணர்ச்சியில் மற்றவர்களைவிடப் பலமாகத் தட்டினார். தூங்கிப்போன அமர்வின் தலைப்பு ‘செவிசாய்ப்பது எப்படி’ என்று கோப்பைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். அதற்கெல்லாம் ஓர் அமர்வா, காது இருந்தால் போதாதா என்று கோப்பை மூடிப் பைக்குள் தள்ளினார்.

பன்னிரண்டாம் வகுப்பில் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை அவருக்கு ஒதுக்கப்பட்டது. கரும்பலகையில் நேர்க்கோடுகள் இரண்டு இழுத்து மூன்று பத்திகளை உண்டாக்கினார். ஆய்வகத்தில் ஒரே மேசையில் நிற்கும் இருவரும் ஒருவரையொருவர் கவனிக்க வேண்டும். பசி, உறக்கம், பேச்சு, சிரிப்பு இவற்றில் மாற்றம் தெரிந்தால் பதிவேட்டில் எழுத வேண்டும். செய்முறைத் தேர்வின் விதிகள் அப்படியே பொருந்தும் என்றார். கண்டதை அடுத்த மேசைக்காரியிடம் சொல்லக் கூடாது. அரைகுறைப் பதிவேட்டை நீட்டக் கூடாது. வெள்ளிக்கிழமை தவிர வேறு நாளில் எதையும் தூக்கிக்கொண்டு வரக் கூடாது.

முதல் வாரமே பதிவேடுகள் குவிந்தன. ஒருத்தி எழுதியிருந்தாள்: ‘சோதனை: தோழியின் சாப்பாட்டு டப்பா ஒளித்து வைக்கப்பட்டது. காண்பன: கத்தினாள், கிள்ளினாள். அறிவன: மனம் நலமாக உள்ளது.’ இன்னொருத்தி: ‘சோதனை: நகைச்சுவைத் துணுக்கு ஒன்று சொல்லப்பட்டது. காண்பன: சிரிக்கவில்லை. அறிவன: சோர்வு இருக்கலாம். துணுக்கு மட்டமாகவும் இருக்கலாம்.’ இரண்டாவது வாய்ப்பையும் ஆராய்ந்த நேர்மைக்காக லிட்மஸ் அவளுக்கு ஒரு மதிப்பெண் கூட்டிப் போட்டார். சளி பிடித்துப் பேசாமல் உட்கார்ந்திருந்த பெண்ணை ஏழு பேர் சூழ்ந்துகொண்டு தேற்றிய தேற்றில், அவள் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஓடினாள். திட்டம் வெற்றி என்று லிட்மஸ் தலைமையாசிரியையிடம் அறிக்கை கொடுத்தார்.

அவ்வகுப்பின் தலைவியை எல்லாரும் அளவுகோல் என்று அழைத்தார்கள். அவள் போடும் கோடு வளையாது. அவள் பதிவேட்டில் ஓர் அடித்தல் திருத்தல் இராது. லிட்மஸுக்கு அவள் கண்ணின் மணி. அவளுடைய மேசைத்தோழிக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். அண்மைக் காலமாக அவள் விடும் கொட்டாவிகள் பெயருக்கு மேலும் பெருமை சேர்த்தன. அவளுடைய மூன்று பத்திகள் முதல் வாரம் வெறுமையாகவே இருந்தன. ‘சோம்பேறி’ என்று சிவப்பு மையில் எழுதி, அடிக்கோடும் இட்டுத் திருப்பிக் கொடுத்தார் லிட்மஸ்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பள்ளி விட்ட பிறகு அவர் ஆய்வகத்தில் தூரிகையால் சோதனைக் குழாய்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தூங்குமூஞ்சி வாசலில் வந்து நின்றாள்.

“டீச்சர், அளவுகோலப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“பதிவேட்டுல எழுதியிருக்கியா?”

“இல்ல டீச்சர். இது எழுதுற மாதிரி இல்ல.”

“எழுத முடியலைன்னா நீ சரியாப் பாக்கலைன்னு அர்த்தம். மூணு பத்தியும் நிரப்பி வெள்ளிக்கிழமை கொண்டு வா.”

அவள் உடனே போகவில்லை. தாங்கியில் சாய்ந்திருந்த ஒரு குழாயை நிமிர்த்தி வைத்தாள். இன்னும் ஒரு முறை வாயைத் திறந்தாள். லிட்மஸ் தண்ணீர்க் குழாயை வேகமாகத் திறந்துவிட்டார். அவள் போய்விட்டாள். மாணவிகளிடம் கண்டிப்பு இப்படித்தான் இருக்க வேண்டும் என்று லிட்மஸ் மனத்துக்குள் தமக்கே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டார்.

அந்தச் சபாஷ் வீட்டுச் சாப்பாட்டு மேசை வரைக்கும்தான் தாங்கியது. அவரும் அவருடைய தங்கையும் ஒரே வீட்டில் இருந்தார்கள். தங்கை அரசு மருத்துவமனையில் செவிலியர். விளக்கேற்றும் நேரத்துக்குப் பணி முடிந்து வருவார். அக்காவின் பள்ளிக் கதைகளைத் தொட்டுக்கொண்டு சாப்பிடுவார். அன்றைய கதையாக லிட்மஸ் தம் கண்டிப்பை விவரித்தார்.

தங்கையின் கை தட்டிலேயே நின்றது. “அந்தப் பொண்ணு என்னக்கா சொல்ல வந்தா?”

“யாருக்குத் தெரியும்? வெள்ளிக்கிழமை எழுதிக் கொண்டு வருவா.”

“நெஞ்சு வலிக்குதுன்னு வர்றவங்கள, ‘எழுதிக்கிட்டு வெள்ளிக்கிழமை வாங்க’ன்னு நான் திருப்பி அனுப்பினா என்ன ஆகும்?”

லிட்மஸ் விட்டுக்கொடுக்கவில்லை. அளவுகோலுக்கு என்ன குறைச்சல், அவளைப் போல் ஒரு பெண் உண்டா, வந்தவள்தான் எழுதச் சோம்பிக் கதை விடுகிறாள் என்று அடுக்கினார். தங்கை எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“சோம்பேறியா இருந்தா வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பா. ஸ்கூல் முடிஞ்சப்புறம் உன்னத் தேடிக்கிட்டு எதுக்குக்கா வரணும்?”

லிட்மஸ் தட்டை நகர்த்தி வைத்தார். கையைக் கழுவிவிட்டுப் பையிலிருந்து கோப்பை எடுத்து, தாம் உறங்கிக் கழித்த பக்கங்களைப் புரட்டினார். ஒருவர் சொல்ல வந்தால் கையில் இருப்பதைக் கீழே வையுங்கள் என்று முதல் வரி. அவர் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. நாளைக்கு வா என்று சொல்லாதீர்கள் என்று இரண்டாவது வரி. அவர் சொல்லவில்லைதான், அதற்கும் இரண்டு நாள் கூடுதலாகத் தள்ளி வெள்ளிக்கிழமை என்றார். மூன்றாவது வரியைப் படிக்கும்போது எழுத்துகள் கலங்கின. தொலைபேசியை எடுத்துத் தூங்குமூஞ்சியை அழைத்தார்.

தூங்குமூஞ்சி தாழ்ந்த குரலில் பேசினாள். “நான் அவ வீட்லதான் இருக்கேன் டீச்சர். சேர்ந்து படிக்கிறோம்னு சொல்லிட்டு வந்திருக்கேன். அவங்கம்மா வேலையிலேர்ந்து இன்னும் வரல. தனியா விட எனக்குப் பயமா இருக்கு.”

வகுப்பறையில் உத்தரவு மட்டுமே போடும் லிட்மஸ் அனுமதி கேட்டார். “நான் வரலாமா? அவளைக் கேட்டுச் சொல்லு” என்றார்.

மறுமுனையில் ஏதோ முணுமுணுப்பு. பிறகு, “வரச் சொல்றா டீச்சர். ஆனா பதிவேடு கேக்கக் கூடாதாம்.”

தங்கையின் ஸ்கூட்டரில் இருவரும் போனார்கள். இரண்டாம் மாடியில் சிறிய வீடு. அளவுகோல் கட்டிலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தரையெங்கும் பதிவேட்டிலிருந்து கிழித்த தாள்கள். எல்லாத் தாள்களிலும் ஒரே சோதனையின் முதல் இரண்டு வரிகள். பத்துத் தடவை தொடங்கி, பத்துத் தடவை கிழித்திருந்தாள். லிட்மஸ் கட்டிலின் ஓரத்தில் அமர்ந்தார். மனம் தளராதே, உன்னைப் போல் கெட்டிக்காரி உண்டா என்று தொடங்கி அரை மணி நேரத்துக்குத் தேவையான சொற்பொழிவு அவர் நாக்கின் நுனியில் வந்து வரிசையில் நின்றது. வாயைத் திறந்தார். தங்கை அவர் காலை அழுத்தி மிதித்தார். வாயை மூடிக்கொண்டார்.

அளவுகோல் தானாகவே பேசத் தொடங்கினாள். இரண்டு மாதமாகத் தூக்கம் இல்லை. சாப்பாடு மண்ணாக இருக்கிறது. எதை எழுதினாலும் தப்பாகத் தெரிகிறது. வகுப்பில் எல்லாரும் அவளிடம் பேனா கேட்டார்கள், விடை கேட்டார்கள், பதிவேடு கேட்டார்கள்; எப்படி இருக்கிறாய் என்று கேட்டவள் தூங்குமூஞ்சி ஒருத்திதான். தினமும் நடுராத்திரி தாண்டியும் போனில் இவள் அழ, அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். தூங்குமூஞ்சியின் கொட்டாவிகளுக்குக் காரணம் இப்போதுதான் லிட்மஸுக்கு விளங்கியது. சிவப்பு மையில் தாம் இட்ட அடிக்கோடு கண்முன் வந்து நின்றது.

“நான் இல்லைன்னா யாருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு நேத்து சொன்னியே,” என்றாள் தூங்குமூஞ்சி. “செத்துடணும்னு தோணுதாடி?”

இந்தக் கேள்வியை லிட்மஸ் ஏழு பிறவி எடுத்தாலும் வாய்விட்டுக் கேட்டிருக்கமாட்டார். கேட்டால் இல்லாத எண்ணமும் வந்துவிடும் என்று இருபத்து நான்கு ஆண்டுகளாக நம்பியிருந்தார். அளவுகோல் தோழியின் முகத்தைப் பார்த்தாள். “சில நாள் தோணுது,” என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். அழுகையினூடே அவளுடைய தோள்கள் சற்றுத் தளர்ந்ததை லிட்மஸ் கண்டார்.

“யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிக் கொடுத்திருந்தேன்,” என்று தூங்குமூஞ்சி ஆசிரியையிடம் சொன்னாள். “அத மீறித்தான் உங்ககிட்ட வந்தேன். கோச்சுக்கிட்டாலும் பரவால்ல, உயிரோட இருந்து கோச்சுக்கட்டும்னு.”

அம்மா வந்ததும் தங்கை அவரை அடுப்படியில் உட்காரவைத்துப் பதற்றப்படுத்தாமல் பேசினார். அன்றிரவு மகளுடனேயே படுப்பது என்றும், காலையில் முதல் வேலையாக மனநல மருத்துவரைப் பார்ப்பது என்றும், தங்கையே மருத்துவமனை வாசலில் நின்று அழைத்துப் போவது என்றும் முடிவாயிற்று. தூங்குமூஞ்சியை இனித் தனியாகச் சுமக்கவிடக் கூடாது என்று, அவளை வீட்டில் கொண்டுபோய் விட்டபோது அவள் பெற்றோரிடமும் தங்கை சொன்னார். இவ்வளவும் நடந்தபோது லிட்மஸ் செய்த ஒரே உருப்படியான காரியம், தரையில் கிடந்த தாள்களைப் பொறுக்கியது. அதையும் பக்க எண் வரிசையில் அடுக்கத் தொடங்கித் தம்மைத் தாமே தடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வகுப்பில், யாரைப் பற்றியும் ஒன்றும் சொல்லாமல், தாம் கற்றுக்கொடுத்தது முழுத் தவறு என்று அறிவித்தார். தோழி ஒருத்திக்கு ஏதோ சரியில்லை என்று பட்டால் அவளையே நேராகக் கேளுங்கள், அவள் பேசும்போது குறுக்கே விழாதீர்கள் என்றார். அவள் உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் எந்தச் சத்தியத்தையும் மீறி, எந்த நாளானாலும், யாராவது ஒரு பெரியவரை அந்த நிமிடமே தேடி ஓடி வாருங்கள். அந்தப் பெரியவர் காது கொடுக்காவிட்டால் அடுத்த பெரியவரைத் தேடுங்கள் என்றபோது அவர் முகம் சிவந்தது. முன்வரிசைக்காரி ஒருத்தி எழுந்து, “அப்போ போன வாரம் போட்ட மார்க்கு, டீச்சர்?” என்று கேட்டாள். எல்லாம் செல்லாது என்றார். மட்டமான துணுக்குக்காரிதான் மிகவும் வருந்தினாள்.

அளவுகோல் மூன்று வாரம் கழித்துப் பள்ளிக்கு வந்தாள். மருந்தும், வாரம் ஒரு முறை மருத்துவரோடு பேச்சும் தொடர்ந்தன. பள்ளி அரை நாள்தான். ஒரு காலையில், செய்முறை வகுப்புக்கு முன், ஆய்வகத்தில் லிட்மஸைத் தேடி வந்தாள்.

“டீச்சர், ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன். அன்னைக்கு எங்க வீட்டுக்கு வந்தீங்களே, ஒரு வார்த்தை பேசாம உக்காந்திருந்தீங்க. எனக்கு அவ்ளோ அழுகையிலயும் பயமாப் போச்சு. உங்களுக்கு உடம்பு ஏதாவது சரியில்லையோன்னு.”

“நல்லாத்தான் இருந்தேன். எனக்குச் சும்மா இருந்து பழக்கமில்ல, அதான் முகம் அப்படி ஆயிருக்கும்.”

அளவுகோல் சிரித்தாள். லிட்மஸும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் அந்தப் பெண், “இன்னைக்குக் கொஞ்சம் மோசம் டீச்சர்,” என்றாள்.

லிட்மஸ் கையிலிருந்த குடுவையை மேசைமேல் வைத்தார். எரிந்துகொண்டிருந்த அடுப்பை அணைத்தார். ஒரு முக்காலியை அவள் பக்கம் நகர்த்திவிட்டு எதிரே இன்னொன்றில் அமர்ந்தார். செய்முறை வகுப்பு அன்று கால் மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது.