தேசிங்கு வீட்டுப் பூவாடைக்காரி

போன மாதம் ஒரு கவுன்சலிங் சென்டரில் சத்தம் போட்டுவிட்டு வந்தேன். ரிசப்ஷனில் இருந்த பெண் பயந்தே போய்விட்டாள். அவளிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். உள்ளே இருந்த மேடத்திடம் கேட்பதாக இல்லை!

விஷயத்தைச் சொல்கிறேன். நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

காலடிப்பேட்டையில் என் கீழ் போர்ஷனில் குடியிருப்பவர் தேசிங்கு. மணலியிலிருந்து பெட்ரோல் டேங்கர் ஓட்டுகிறவர். ஒரே பெண், ரேவதி. பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தவள், மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். (எங்கள் பக்கத்துக் குழாய்த் தண்ணீரைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. அது தனிக் கோபம்.)

அதற்குப் பிறகு தேசிங்கு சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. வண்டிப் பக்கமே போகவில்லை. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி மேல் சாய்ந்தபடி உட்கார்ந்திருப்பார். நாங்கள் மாற்றி மாற்றி ஆறுதல் சொன்னோம். எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

கடைசியில் உறவுக்காரர்கள் கூடி ஒரு காரியம் செய்தார்கள். கல்யாணமாகாமல் செத்துப்போன பெண்ணை அவர்கள் அப்படியே விட்டுவிட மாட்டார்கள். பூவாடைக்காரி என்று வீட்டுக்கு அழைத்து, தெய்வமாக வைத்துக்கொள்வார்கள். திருவொற்றியூர் கடற்கரையில் பம்பை அடித்து ரேவதியைக் கூப்பிட்டார்கள். தேசிங்கின் தங்கை மேல் வந்து இறங்கினாள்.

"நைனா, நான் எங்கியும் போவல. வூட்லதான் கீறேன். நீ இன்னாத்துக்குத் துன்னாம கீற?"

அங்கே அழாதவர்கள் இல்லை. பகுத்தறிவு பேசுகிற நானும்தான் அழுதேன்! கரகத்தில் தண்ணீர் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அலமாரியில் புதுப் பாவாடை, பூ, மஞ்சள், குங்குமம். அன்றைக்கு தேசிங்கு தட்டு நிறையச் சோறு சாப்பிட்டார். பிறகு தினமும் அலமாரி முன்னால் நின்று பாப்பாவிடம் சொல்லிக்கொண்டுதான் வெளியே கிளம்புவார். வேலைக்குப் போகிறேன் என்றும் அவராகவே சொன்னார்.

கம்பெனியோ, "பெட்ரோல் வண்டியாச்சே... ஒரு கவுன்சலிங் முடிச்சுட்டு வா, சாவி தர்றோம்" என்றது. அதில் தப்பே இல்லை. நானும் துணைக்குப் போனேன்.

ஏ.சி. ரூம். மேடத்துக்குப் பின்னால் சுவரில் ஒரு குருஜியின் பெரிய படம், அதற்குச் சந்தன மாலை. ஊதுபத்தி. புல்லாங்குழல் சி.டி.

தேசிங்கு மரியாதைக்காக, வீட்டிலிருந்து கொண்டுவந்த குங்குமப் பொட்டலத்தை மேஜையில் வைத்தார்.

"பொண்ணு ஞாபகம் அடிக்கடி வருதா?" என்று கேட்டார் மேடம்.

"ஞாபகமா? பாப்பா வூட்லதான் மேடம் கீது. காலீல பேசிட்டுதான் வந்தேன்."

அவ்வளவுதான். மேடம் முகம் மாறிவிட்டது. குரல் கேட்குமா, உருவம் தெரியுமா என்று துருவ ஆரம்பித்தார். "அதான் கடக்கரைல வந்து பேசிச்சே!" என்று இவர் பெருமையாகச் சொன்னார், அலமாரியில் பாவாடையும் பூவும் வைத்திருப்பதையும் சேர்த்து. மேடம் குங்குமப் பொட்டலத்தைப் பேனாவால் ஓரமாகத் தள்ளினார். மாத்திரைக்கு அவர்களுடைய டாக்டரைப் பார்க்க வேண்டும், அலமாரியிலிருந்து அதையெல்லாம் எடுத்துவிட வேண்டும், வண்டி ஓட்டவே கூடாது என்றார். கூடவே, குருஜியின் தியான முகாமுக்கு வந்தால் 'ஹீலிங்' சீக்கிரம் நடக்குமாம். உச்சந்தலை வழியாக வெள்ளை ஒளி இறங்குமாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்த ஒளியை நீங்க பார்த்திருக்கீங்களா மேடம்?"

"பார்க்க முடியாது சார், ஃபீல் பண்ணணும். அது யுனிவர்சல் எனர்ஜி."

"உங்களுக்கு ஒளி இறங்கினா தெரபி... இவருக்குப் பொண்ணு இறங்கினா வியாதியா?"

அந்தச் சத்தம் இதற்கு அப்புறம்தான்.

மாத்திரையே கூடாது என்கிற ஆள் இல்லை நான். என் தம்பி இன்றைக்கு உயிரோடு இருப்பதே ஒரு மனநல மருத்துவரின் புண்ணியம். மனநோயாளியைச் சங்கிலியில் கட்டிப்போட்டுவிட்டு, சாமி பார்த்துக்கொள்ளும் என்கிறவர்களோடும் எனக்குச் சண்டைதான். ஆனால் எதிரில் உட்கார்ந்திருக்கிற மனுஷனிடம், "உனக்கு எதுப்பா பிடிமானம்?" என்று கேட்க என்ன கஷ்டம்? அதைக் கேட்காமல் என்ன கவுன்சலிங்?

மனநலப் படிப்பு ரொம்ப காலம் கடவுளைச் செருப்போடு சேர்த்து வாசலிலேயே விட்டுவிட்டு வரச் சொன்னது. இப்போது ஆன்மிகமும் சிகிச்சைக்கு உதவும் என்று கதவைத் திறந்திருக்கிறார்கள். சந்தோஷம். ஆனால் யாருடைய சாமியை உள்ளே விடுகிறார்கள்? இங்கிலீஷ் பேசுகிற சாமிக்கு மட்டும்தான் அப்பாயின்ட்மென்ட்டா? பம்பை அடித்து வருகிற சாமி வாட்ச்மேனோடு நிற்க வேண்டுமா?

நான் கத்தி என்ன பிரயோஜனம்? தேசிங்குக்கு வேலை வேண்டுமே. பெண்டாட்டி அழ அழ, அலமாரியைக் காலி செய்தார். மாத்திரை போடுகிறார். சாவி கிடைக்கவில்லை, கம்பெனி கேட்டில் காவலுக்கு உட்காரவைத்திருக்கிறார்கள்.

நேற்று மாடிப்படியில் பார்த்தேன்.

"தூக்கம் வருதா தேசிங்கு?"

"நல்லா வருது சார். பாப்பாதான் வர்ல."

மேடம் கம்பெனிக்கு போன் செய்து, நல்ல இம்ப்ரூவ்மென்ட் என்றாராம்.