திருமஞ்சன நீரும் விஷ்ணுகிரந்தியும்

விஷ்ணுகிரந்தியை யாரும் நட்டு வளர்ப்பதில்லை. கொண்டப்பநாயக்கன்பட்டியில் மலைச்சாலை ஏறத் தொடங்கும் இடத்தில், செம்மண்ணும் சரளையும் கலந்த மேட்டில், அது தானாகவே படர்ந்து கிடக்கும். தரையோடு ஒட்டிய மெல்லிய தண்டுகள், வெண்மயிர் படிந்த சிற்றிலைகள், சுண்டுவிரல் நகமளவு நீலப் பூக்கள். கோடையில் காய்ந்து மறைந்தாலும் வேர் மண்ணுக்குள் உயிரோடிருக்கும். ஒரு மழை பெய்தால் மீண்டும் துளிர்க்கும்.

என் மனைவி இருந்தவரை காலையில் அந்த மேட்டுக்குப் போய் ஒரு கைப்பிடி பூ பறித்து வருவாள். பெருமாளின் மேனி நிறம் என்று, திருவடியில் முதலில் அதைத்தான் வைப்பாள். பாசுரங்களை நாங்கள் முறைவைத்துச் சொல்வோம். ஒன்று நான், அடுத்தது அவள். கோயில் கோஷ்டியில் இரண்டு வரிசை எதிரெதிரே நின்று சொல்வார்கள். எங்கள் வீட்டில் வரிசைக்கு ஒருவர்.

அவள் போன பிறகு இரண்டையும் நானே சொல்கிறேன். அவள் முறை வரும்போது என்னையறியாமல் சற்று நிறுத்திவிடுகிறேன். அந்த இடைவெளியில் மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்கும்.

பின்னர் அந்த மேட்டையும் வீட்டுமனைகளாகப் பிரித்தார்கள். பொக்லைன் வருவதற்கு முன் ஒரு செடியை வேரோடு பெயர்த்து வந்து தொட்டியில் வைத்தேன். அவள் கைபட்ட செடிகளில் மிஞ்சியது அது ஒன்றே. அது பிழைக்க வேண்டும் என்பதைத் தவிர அந்நாட்களில் எனக்கு வேறு வேண்டுதல் இருக்கவில்லை.

வீட்டுப் பெருமாளை நீராட்டிய திருமஞ்சன நீரைக் கால்படும் இடத்தில் கொட்டலாகாது. தீர்த்தமாக அருந்தியது போக மீதியை ஒரு செடியின் அடியில் சேர்ப்பது எங்கள் வழக்கம். முன்பு முற்றத்துச் செம்பருத்தி அதை வாங்கிக்கொண்டது. நிலத்தடித் தொட்டி தோண்டியபோது செம்பருத்தி போயிற்று. ஆகவே பாலும் மஞ்சளும் கலந்த அந்த நீர் முழுவதும் விஷ்ணுகிரந்திக்கே சேர்ந்தது. ஒரு செடிக்கு இதைவிட என்ன பேறு வேண்டும் என்று எண்ணினேன்.

அடுத்த வீட்டில் பெட்டிக்கடை வைத்திருக்கும் அம்மாள் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க சாமி, புல்லுக்கெல்லாம் பூசை பண்ணிட்டு இருக்கறீங்க?"

"புல் இல்லீங்க, விஷ்ணுகிரந்தி."

"என்னவோ ஒண்ணு. நாலு மொளகாச் செடி வெச்சாச் சட்னிக்காச்சும் ஆகும். எலையெல்லாம் மஞ்சளாக் கெடக்குது பாருங்க. தண்ணி பத்தலீங்க, இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க."

மாலையிலும் ஊற்றத் தொடங்கினேன்.

ஓசூரில் இருக்கும் மகளுக்குச் செடியின் படத்தை அனுப்பி, தினமும் திருமஞ்சன நீர் ஊற்றுவதையும் போனில் சொன்னேன். "தெனமும் தலைக்கு ஊத்துனா அதுக்குச் சளி புடிச்சுக்காதுங்களா அப்பா?" என்று சிரித்துவிட்டு, வேலை இருக்கிறது என்று போனை வைத்துவிட்டாள்.

அந்த விளையாட்டுப் பேச்சு மனத்தைவிட்டு அகலவில்லை. விரலால் மண்ணைக் கிளறினேன். புளித்த மோர் வாடை அடித்தது. தண்டின் அடி கறுத்து, தொட்டதும் தோல் உரிந்து கையோடு வந்தது. சரளையில் நீரின்றி வாழப் பழகிய உயிரை நான் பாலில் மூழ்கடித்துக்கொண்டிருந்தேன்.

அழுகியதை வெட்டி எறிந்த பின் விரல் நீள வேர்த்துண்டு ஒன்று வெள்ளையாக எஞ்சியது. அதை வேலியோரச் சரளையில் ஊன்றி, ஒரு கை நீர் தெளித்ததோடு நிறுத்திக்கொண்டேன். திருமஞ்சன நீரை அடுத்த வீட்டுக் கறிவேப்பிலைக்கு ஊற்றலாமா என்று அம்மாளிடம் கேட்டேன்.

"தாராளமா ஊத்துங்க சாமி. பெருமாள் புண்ணியத்துல எங்கூட்டு ரசமாச்சும் மணக்கட்டும்."

அதன் பிறகுதான் எனக்குக் கடினமான காலம். காலையில் பாசுரம் முடிந்ததும் கால் தானே வேலியோரம் போகும். அங்கே நின்றுவிட்டு, எதையும் செய்யாமல் திரும்ப வேண்டும். மனைவி படுக்கையில் கிடந்தபோது தலையணையைச் சரிசெய்தேன், கஞ்சி புகட்டினேன், எதுவும் பயன்படவில்லை என்றாலும் கைகளுக்கு வேலை இருந்தது. இதற்கு அதுவும் கூடாது. ஆடிக் காற்று புழுதியை வாரி அந்த இடத்தை மூடியபோதுகூட நான் விலக்கவில்லை.

ஆவணியில் பெய்த மழைக்குப் பின் சரளைக்கு நடுவே சாம்பல் நிறத்தில் இரண்டு இலைகள் தெரிந்தன. புரட்டாசியில் தண்டுகள் கையகலம் படர்ந்தன. ஒரு காலை, ஒற்றை நீலப் பூ விரிந்திருந்தது. பறிக்க நீண்ட கை பாதியில் நின்றது. அன்று பறிக்கவில்லை.

"பூத்துருச்சுங்களே சாமி! இப்பவாச்சும் ஒரு சொம்பு ஊத்துங்க, பாவம்."

"வேண்டாங்க. அதுக்கு யாரும் வேண்டாங்க."

அவர் கடை திறக்கப் போய்விட்டார். வெயில் ஏறியது. பூ மெல்லச் சுருங்கி மூடிக்கொள்ளும்வரை அதன் அருகிலேயே தரையில் உட்கார்ந்திருந்தேன்.