சிக்னலில் சிவக்கும் பிள்ளையார்

ஒன்பது வயதில், சிங்கப்பூரிலேயே சாமியை நேரில் பார்த்தவள் நான் ஒருத்திதான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அதுவும் கோயிலில் இல்லை, என் மாமாவின் காரில்.

மாமா, அம்மாவின் தம்பி. ஈசூனில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். பழைய கார் ஒன்றை வாங்கி, கைப்பேசியில் அழைப்பவர்களை ஏற்றி இறக்கிப் பிழைத்துவந்தார். அந்தக் கார்தான் அவருக்குச் சோறு போட்டது. அதில் ஒரு கீறல் விழுந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. ஒருநாள் வேகம் காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில், கண்ணாடி மேல், சின்னதாக ஒரு பிள்ளையார் ஸ்டிக்கரை ஒட்டினார். இரண்டே நாளில் அந்த அற்புதத்தை நான் கண்டுபிடித்தேன். சாயங்காலங்களில் சிக்னலில் கார் நின்றால் பிள்ளையாரின் தொப்பை சிவப்பாக ஒளிரும். கார் கிளம்பியதும் அணைந்துவிடும். சிக்னல் சிவந்தால் சாமியும் சிவக்கிறார்!

பள்ளியில் ஒருத்தி விடாமல் சொன்னேன். நம்பாதவளோடு டூ விட்டேன். மாமாவிடம் சொன்னபோது மட்டும் அவர் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது.

"சாமி ரகசியம் லா, வெளிய சொல்லக்கூடாது. முக்கியமா உங்கம்மாகிட்ட மூச்சு விடாதே."

என் வாய்க்கு ஏது பூட்டு? தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு, துணி எடுக்கத் தேக்கா கடைத்தெருவுக்குப் போனோம். சிராங்கூன் சாலையில் கார்கள் நகரவே இல்லை. அம்மா முன் இருக்கையில். நான் பின்னாலிருந்து இருவருக்கும் நடுவே தலையை நீட்டி, "அம்மா, பாருங்க பாருங்க, சாமி சிவக்குறாரு!" என்று கத்தினேன்.

அம்மா எட்டிப் பார்த்தார். நகத்தால் பிள்ளையாரை உரித்தார். அடியில் எண்ணெய்க் குவளை வடிவத்தில் ஒரு சிவப்பு விளக்கு கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"இன்ஜினை அணைடா."

"அக்கா, நடு ரோடு! அது சும்மா சென்சார் கோளாறு. வித்தவனே சொன்னான்."

"ஆயில் பிரஷர் இல்லாம ஓட்டினா இன்ஜின் இறுகிடும். அப்ப வித்தவன் வந்து தள்ளுவானா?"

சொல்லிக்கொண்டே அம்மா கையை நீட்டிச் சாவியைத் திருப்பிவிட்டார். அவ்வளவுதான், பின்னால் ஒரே ஹாரன். "மானம் போச்சு" என்று மாமா ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டார். ஊரிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து, ஞாயிறு விடுமுறைக்குத் தேக்காவில் கூடியிருந்த அண்ணன்மார் நாலு பேர், காய்கறிப் பைகளை என் மடியில் வைத்துவிட்டு, "நீங்க உக்காருங்கண்ணே, நாங்க தள்ளுறோம்" என்று சந்துக்குள் தள்ளிவிட்டார்கள். அம்மாவும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளினார். சாமியைக் காட்டிக்கொடுத்த பாவி நான்தான் என்று எனக்கு அழுகை முட்டியது.

அன்றிரவு அம்மா என்னை விசாரித்தார். காலையில் பள்ளிக்குப் போகும்போது சிவக்குமா? இல்லை, சாயங்காலம்தான். இன்ஜினை அணைத்துக் கொஞ்ச நேரம் விட்டு மறுபடி கிளம்பினால்? கொஞ்ச தூரத்துக்குச் சிவக்காது. அம்மா என் தலையைத் தடவி, "நல்லாப் பார்த்து வச்சிருக்கே" என்றார். பாவி என்பது போய், எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காரை இழுவை வண்டியில் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். பள்ளி முடிந்ததும் நானும் ஒட்டிக்கொண்டேன். பட்டறைக்காரச் சீன அங்கிள் எண்ணெய் அளக்கும் குச்சியை உருவிப் பார்த்தார். எண்ணெய் அளவு சரியாகத்தான் இருந்தது. உடனே கையை விரித்து, "ஹாபிஸ் லா, முடிஞ்சுபோச்சு" என்றார். இன்ஜின் உள்ளே தேய்ந்து முடிந்துவிட்டது, பழைய இரும்புக்குப் போடுவதுதான் வழி என்றார். மாமா அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அம்மா விடவில்லை. எண்ணெயின் அழுத்தத்தை அளக்காமல் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டார். சென்சாரைக் கழற்றி, அந்த இடத்தில் அழுத்தமானியை மாட்டச் சொன்னார். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் முள் கம்பீரமாக மேலே ஏறியது. அரைமணி நேரம் ஓட விட்டார்கள். முள் மெல்ல மெல்ல அடியில் வந்து படுத்தது. "சொன்னேன் இல்ல?" என்பதுபோல் அங்கிள் பார்த்தார். அம்மா இன்ஜினை அணைத்துச் சற்றுப் பொறுத்து, சூடு ஆறுமுன்பே மறுபடி ஓட விட்டார். முள் பழையபடி ஏறியது!

"தேஞ்ச இன்ஜினா இருந்தா இவ்வளவு சூட்டுல ஏறுமா? கீழ ஏதோ அடைக்குது. ஓடறப்ப வந்து ஒட்டிக்குது, இன்ஜினை அணைச்சா விழுந்துடுது. சிக்னல்ல இன்ஜின் மெதுவா சுத்தறதால பிரஷர் இன்னும் குறைஞ்சு விளக்கு எரியுது" என்று அம்மா மாமாவிடம் சொன்னார்.

அங்கிள் தலையைச் சொறிந்துகொண்டே அடியிலிருந்த எண்ணெய்த் தட்டைக் கழற்றினார். உள்ளே எண்ணெய் உறிஞ்சும் குழாயின் வாயில் தேநீர் வடிகட்டி போல ஒரு வலை. எண்ணெய் கசியாமலிருக்கத் தட்டைச் சுற்றி யாரோ முன்பு அள்ளி அப்பியிருந்த பசை, துணுக்குத் துணுக்காகப் பிய்ந்துபோய் அதில் கிடந்தது. வலையைக் கழுவி, புது எண்ணெயும் வடிகட்டியும் போட்டு, தட்டை அளவான பசையோடு மூடினார்கள். பிறகு ஒரு மணி நேரம் ஓட விட்டும் முள் படுக்கவில்லை. நான் அங்கேயே குதித்தேன். என் அம்மா! அந்தப் பட்டறையில் அத்தனை ஆண்கள் இருந்தார்கள், கண்டுபிடித்தது என் அம்மா!

அங்கிள் மாமாவிடம், இவர் யார் என்று கேட்டார். மாமா எழுந்து நின்று, பட்டறைக்கே கேட்கும்படி சொன்னார்: "மை சிஸ்டர். பஸ் மெக்கானிக். டிப்போல பெரிய பெரிய பஸ்ஸையே பிரிச்சுப் போடுறவங்க!"

அம்மா கை கழுவப் போனார். வெகுநேரம் கழுவினார். திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது. சோப்புத் தண்ணீர் பட்டுவிட்டது என்று நினைத்து என் கைக்குட்டையைக் கொடுத்தேன். மாமா சொன்னதில் அழ என்ன இருக்கிறது? அம்மா மெக்கானிக் என்பது எனக்குத் தெரியாதா என்ன?

மாமாவே தன் கல்யாணத்தன்று என்னிடம் சொன்ன பிறகுதான் விளங்கியது. பட்டறைக்குப் போன அந்த நாள்வரை சொந்தக்காரர்களிடமும், காரில் ஏறியவர்களிடமும், பெண் பார்க்கப்போன வீடுகளிலும், அக்கா டிப்போ ஆபீசில் கிளார்க் என்றே சொல்லிவந்திருக்கிறார். அம்மாவுக்கு அது எப்போதோ தெரியும்.