மாறுதல் உத்தரவில் சிவப்பு மை

என் வீட்டுக்காரர் வாடிப்பட்டியில் ஹைஸ்கூல் இங்கிலீஷ் வாத்தியார். எங்கள் கல்யாணப் பத்திரிகையிலேயே சிவப்புப் பேனாவை வைத்தவர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். யாராவது டென்ஸைத் தப்பாக எழுதிவிட்டால் பல்வலி வந்த மாதிரி முகம் கோணிவிடும்.

எனக்கு மத்திய சர்க்கார் ஆபீசில் கிளார்க் வேலை. போட்டதோ ராமநாதபுரம் பக்கம். எழுபதுகளின் கடைசி அது. சனிக்கிழமை பஸ் பிடித்து வருவேன், ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போவேன். இரண்டு வயசு மகள் அவருடைய அண்ணியிடம் வளர்ந்தாள். அண்ணியின் பிள்ளைகள் என்னைச் சித்தி என்பார்கள். அதைக் கேட்டு இவளும் என்னைச் சித்தி என்றாள். அண்ணியை அம்மா என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்புறம் பஸ்ஸில் மானாமதுரை வரைக்கும் அழுதுகொண்டே போனேன்.

மதுரைக்கு மாறுதல் கேட்டு இங்கிலீஷில் மனு எழுதி, ஒரு பார்வை பாருங்கள் என்று அவரிடம் கொடுத்தேன். அதுதான் நான் செய்த தப்பு. எட்டு மாதமாக அங்கே வேலை பார்க்கிறேன் என்ற வரியில் டென்ஸ் சரியில்லையாம். பரீட்சைப் பேப்பர் கட்டுகளுக்கு நடுவே கிடந்து அது திருந்தி வருவதற்குள் எட்டு மாதம் ஒன்பதாகிவிட்டது. ஒன்பது என்று மாற்றி எழுதினால் வேறொரு வரி உதைத்தது. இப்படியே மூன்று தடவை.

"தப்பும் தவறுமா அனுப்புனா நம்மளப் பத்தி என்ன நெனப்பாக?" என்றார். பெற்ற பிள்ளை என்னை யாரென்று நினைக்கிறது என்பதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை.

பொறுத்தது போதும் என்று ஒருநாள் ஆபீசிலேயே, சாப்பாட்டு நேரத்தில், நானாக வேறொரு மனு எழுதினேன். 'மை சைல்ட் இஸ் காலிங் மீ ஆன்ட்டி சின்ஸ் சிக்ஸ் மந்த்ஸ்' என்று மனசில் வந்ததைப் போட்டு, அவரிடம் காட்டாமலே அனுப்பிவிட்டேன். ஆறே வாரத்தில் உத்தரவு வந்தது.

உத்தரவோடு ஊருக்கு வந்தேன். வாசித்தார். சந்தோஷப்பட்டார், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் நான் காப்பி போட்டு எடுத்து வருவதற்குள் இரண்டு இடத்தைச் சுழித்து, மேலே சரியான டென்ஸை எழுதிவைத்திருந்தார். சிவப்பு மையில். ஒரிஜினலில். மறுநாள் அதைக் கொடுத்துத்தான் நான் மதுரையில் வேலையில் சேரவேண்டும். கைப்பழக்கத்தில் வந்துவிட்டது என்றார். அன்றைக்கு நான் திட்டிய திட்டில் எல்லா டென்ஸும் இருந்தது. ஒன்றைக்கூட அவர் திருத்தவில்லை.

மறுநாள் கூடவே வந்தார். ஹெட்கிளார்க் தாளைத் தூக்கிப் பிடித்து, என்னம்மா இது என்றார்.

"வீட்ல பிள்ள கிறுக்கிருச்சு சார்" என்றேன்.

ஹெட்கிளார்க் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு திருத்தத்தையும் வாசித்தார். பிறகு என் வீட்டுக்காரரின் சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவைப் பார்த்தார்.

"பிள்ள நல்லாப் படிக்கும் போல" என்றபடி ரிஜிஸ்தரை என் பக்கம் தள்ளினார்.

சாயங்காலம் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது மகள் ஓடிவந்து சித்தி என்றாள். அவர் அவளைத் தூக்கி என் கையில் கொடுத்தார்.

"சித்தி இல்லத்தா, அம்மா. எங்க, சொல்லு."

அவர் திருத்தியதில் அது ஒன்றுதான் எனக்குப் பிடித்தது. அவள் அப்படிச் சொல்ல இன்னும் பத்து நாள் ஆனது.