பிஸ்கற் ரின்னுக்குள் ஈரப்பலா மரம்

உலகத்தைச் செய்து முடிக்கக் கடவுளுக்கு ஆறு நாள் பிடித்ததென்று பள்ளிக்கூடத்தில் பாதிரியார் சொல்லித் தந்தார். வெள்ளவத்தைக் கடற்கரையில் அறுநூறு அடி நீளத்தைச் செய்ய எனக்குப் பதினொரு மாதம் பிடித்தது. கடவுளுக்குக் கந்தோர் இல்லை. மேலே ஒரு துரையும் இல்லை.

எனக்கு மேலிருந்த துரை, ரயில்வேக் கந்தோரில் பெரிய என்ஜினியர். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய காலம் அது. நான் அங்கே தற்காலிகமாகப் படம் வரைகிறவன். தற்காலிகம் ஏழாவது வருடத்தில் நடந்துகொண்டிருந்தது. அதை நிரந்தரமாக்கும் பேனா துரையின் கையில் இருந்தது. பகல் முழுவதும் நிஜக் கோச்சிகளைப் பார்த்துச் சலித்த அந்த மனிதர், பின்னேரங்களில் தம் வீட்டு மேல்மாடி விறாந்தையில் சீமையிலிருந்து வருவித்த விளையாட்டுக் கோச்சிகளை ஓட்டுவார். கோச்சிகள் அச்சு அசலானவை. ஆனால் அவற்றோடு வந்த தகர ஸ்ரேசன்களின் கூரையில் பனி படிந்திருந்தது. கொழும்பு வெக்கையில் அதைப் பார்க்க அவருக்கே வெட்கமாயிருந்திருக்க வேண்டும். அட்டையில் பாலமொன்று செய்து கந்தோர் மேசையில் வைத்திருந்த குற்றத்துக்காக நான் கூப்பிடப்பட்டேன். வெள்ளவத்தைக் கரையோரக் கோச்சிப் பாதையை, தெரு கடக்கும் ஒரு கேற்றும் ஒரு கைகாட்டியும் உட்பட, பதினாலு அடிப் பலகையில் உள்ளபடியே செய்து தரவேண்டும் என்றார். எல்லாம் நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு.

அந்த அளவில் உலகம் வேறு மாதிரி நடந்துகொள்ளும். கடல் மணலை அள்ளிக் கொட்டினால் மணல் பாறாங்கல்லாகிவிடும். மனைவியின் அரிதட்டில் அரித்துப் பார்த்தேன், போதவில்லை. அரிதட்டும் போயிற்று. கடைசியில் வறுத்த அரிசிமாவைத் தூவினேன். எறும்புகள் வந்தன. ஒவ்வோர் எறும்பும் அங்கே ஒரு பெருச்சாளி. கம்பியில் நூலைச் சுற்றிச் சாயம் பூசி, கோழியிறகைப் பச்சையில் தோய்த்துச் செருகினால் தென்னை. கண்ணாடியின் அடிப்பக்கம் நீலம் பூசினால் கடல். நனைத்த பத்திரிகைக் கடதாசியும் கோதுமைமாப் பசையும் கலந்து அப்பினால் கரை. சட்டசபைப் பேச்சுகள் ஒரு வேலைக்கு உதவியதை அப்போதுதான் பார்த்தேன்.

கேற்றை அளக்கப் போனபோது நாடாவின் மறுமுனையைப் பிடித்தவர் கேற்காரர். தகப்பன் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த குடும்பம். பாதையோரக் குடிசையில் மனைவியோடும் ஓர் ஆட்டோடும் இருந்தார். தம் வீட்டைத் துரை மாளிகையில் வைக்கப் போகிறார்கள் என்று கேட்டதும், துணி காயும் கொடியிலிருந்து சிவப்புக் கொடி வரை ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"ஆட்டையும் போட்டுருங்க ஐயா. இல்லாட்டி அது கோவிச்சுக்கும்."

பிறகு அண்ணாந்து பார்த்து ஒரு மரத்தையும் காட்டினார். அடுத்த வளவு, கோட்டில் வழக்குப் பேசும் ஒரு பிரபல நியாயதுரந்தரருடையது. அங்கிருந்த ஈரப்பலா மரம் மதிலுக்கு மேலால் பாதைப் பக்கம் சாய்ந்திருந்தது. கைகாட்டி விழுந்தால் கோச்சி வருகிறது, கேற்றைப் பூட்டவேண்டும். ஆனால் குடிசை வாசலில் நின்றால் கைகாட்டி தெரியாது, இலைதான் தெரியும். ஒவ்வொரு கோச்சிக்கும் அவர் பாதைக்குக் குறுக்கே ஓடி, எட்டிப் பார்த்து, திரும்பி ஓடிவந்து பூட்டவேண்டும். மூன்று தரம் மனுக் கொடுத்ததாகச் சொன்னார். அந்த மனுக்கள் எங்கள் கந்தோருக்குத்தான் வந்திருக்கும். எங்கள் கந்தோருக்கு வந்த கடிதம் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். ஆதலால் "பார்ப்பம்" என்றேன்.

அந்த மரத்தைச் செய்ய எனக்கு மூன்று கிழமை சென்றது. தென்னைக்கு இறகு போதும். ஈரப்பலா இலைக்கோ ஓரமெல்லாம் ஆழ ஆழமாக வெட்டு. படம் வரையும் மெல்லிய துணியைப் பச்சைச் சாயத்தில் ஊறப்போட்டு, நகம் வெட்டும் கத்தரியால் ஒவ்வோர் இலையாக நறுக்கினேன். காய்க்குக் கொத்தமல்லி. பச்சை பூசி ஒட்டினால் அசல் ஈரப்பலாக்காய். பதினேழு காய் வைத்தேன். ஒரு சாண் உயரம் வந்தது. என் ஆயுளில் நான் பிழையில்லாமல் செய்த ஒரே பொருள் அதுதான்.

துரை அதைப் பார்த்து மெச்சினார். பிறகு கோச்சியை ஓட விட்டார். குனிந்து பார்த்தார். வளைவில் என்ஜின் தலைகாட்டுகிற அழகான இடத்தை மரம் மறைக்கிறது, எடுத்துவிடலாமே என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் மரம் என் கையில் இருந்தது. நட்ட துளையைப் பசையால் அடைத்து, மேலே சாயமிட்ட மரத்தூளைத் தூவினேன். துளை இருந்த இடம் எனக்கே தெரியவில்லை. மரம் என் வீட்டில் ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் போயிற்று.

நாலு மாதம் கழித்து, மழை பெய்த ஒரு மத்தியானம், தேங்காய் ஏற்றிய மாட்டுவண்டியொன்று திறந்திருந்த கேற்றுக்குள் நுழையவும் கோச்சி வரவும் சரியாயிருந்தது. வண்டிக்காரர் அந்த இடத்திலேயே முடிந்தார். மாடுகளில் ஒன்று தப்பியது. கேற்காரர் வழக்கம்போல் எட்டிப் பார்க்க ஓடியவர், மழைச் சேற்றில் சறுக்கி விழுந்து எழும்புவதற்குள் காரியம் நடந்துவிட்டது. இதை அவர் சொன்னபோது யாரும் நம்பவில்லை. ஏன் ஓடவேண்டும் என்று கேட்டார்கள். மரம் என்றார். மூன்றாம் நாள் மரம் அங்கே இல்லை. வேரோடு கிளப்பி, அந்த இடத்தில் குரோட்டன் நட்டிருந்தார்கள். நியாயதுரந்தரரின் வீட்டில் வேலை சுறுக்காக நடக்கும்.

விசாரணைக்கு மூன்று உத்தியோகத்தர்கள். விபத்துக்கு முன்பே அளந்து செய்த மாதிரி ஒன்று தம்மிடம் இருக்கிறது, அதைப் பார்த்தால் விளங்கும் என்று துரைதான் யோசனை சொன்னார். அவர் மனதில் களங்கமில்லை என்றே நம்புகிறேன். நாலு மாதத்துக்கு முன் எடுக்கச் சொன்ன ஒரு சாண் மரம் அவருக்கு ஞாபகம் இருந்திருக்காது. எனக்கு இருந்தது. பதினொரு மாத உழைப்பைப் பெரிய மனிதர்கள் பார்க்கப் போகிறார்கள் என்ற பெருமையும் இருந்தது. இரண்டும் ஒரே வயிற்றில் கிடந்தன.

அன்று காலை மனைவி அந்த ரின்னைக் கொண்டுவந்து என் குடைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இஞ்சாருங்கோ, அந்தாளின்ரை மரத்தைக் கொண்டுபோய்க் காட்டுங்கோ. வாய் திறக்க ஏலாட்டி, மூடியை மட்டும் திறவுங்கோ. அது காணும்."

கொண்டு போனேன். அதுவரை எனக்கே என்னில் ஒரு மதிப்பிருந்தது.

துரையின் மேல்மாடி விறாந்தையில் உத்தியோகத்தர்களுக்கு நாற்காலி, எனக்கு ஒரு ஸ்ரூல். கேற்காரர் வெறுங்காலோடு படியோரம் நின்றார். தம் குடிசையை அந்த அளவில் அவர் முதல் தரம் பார்க்கிறார். கொடியில் காயும் சேலையைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார். ஒரு கணம் வந்த காரியத்தை மறந்து சிரித்தார். பிறகு தேடினார்.

"மரம் எங்கீங்க ஐயா?" என்றார் என்னிடம்.

மொழிபெயர்ப்பாளர் அதை இங்கிலீசில் சொன்னார். விசாரணைத் தலைவர் என்னைப் பார்த்தார். அளவெல்லாம் சரிதானா என்று கேட்டார். சரி என்றேன். அது பொய்யில்லை. மரம் ஏதும் நின்றதா என்று கேட்டார். வழி நெடுக மரங்கள் உண்டு, எல்லாவற்றையும் பலகையில் வைக்க முடியாது என்றேன். அதுவும் பொய்யில்லை. இப்படி இரண்டு உண்மைகளைச் சொல்லிவிட்டு, மூன்றாவதைச் சொல்லத்தான் எழுந்தேன். ரின் என் கையில் இருந்தது. துரை தம் என்ஜினைக் கையில் எடுத்துச் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தலைவர் என் கையைப் பார்த்தார். ரின்னுக்குள் என்ன என்று கேட்டார்.

"சாப்பாடு, சேர்," என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் கடமை தவறாதவர். அதையும் தமிழில் சொன்னார். நான் உட்கார்ந்து ரின்னை மடியில் வைத்துக்கொண்டேன்.

தலைவர் எழுந்து வந்து, பலகை அருகே முழந்தாளிட்டு, நான் மெழுகில் செய்திருந்த கேற்காரப் பொம்மையின் தலையோடு தம் கண்ணை ஒட்டவைத்துப் பார்த்தார். குடிசை வாசலிலிருந்து கைகாட்டி பளிச்சென்று தெரிந்தது. தெரியாமல் என்ன செய்யும், நான் செய்தது அப்படி. எழும்பும்போது வேலைப்பாட்டைப் பாராட்டி என் கையைக் குலுக்கினார். அவர் முழங்காலில் அரிசிமா ஒட்டியிருந்தது.

கேற்காரரை மறியலில் போட்டுப் பூட்டவில்லை, கருணை காட்டினார்கள். வேலை போயிற்று, ஒரு கிழமைக்குள் குடிசையை விடவேண்டும். அடுத்த மாதம் என் தற்காலிகம் நிரந்தரமாயிற்று. மனைவி அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். ரின் எங்கே என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அலுமாரிக்கு மேல் அது எல்லாருக்கும் தெரியத்தான் இருந்தது.

ஒரு ஞாயிறு காலை கேற்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கொட்டாஞ்சேனையில் மச்சான் ஒருவர் இருக்கிறாராம், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். அங்கே தமக்கும் வேலை கிடைக்கலாம், ஆனால் நல்லவன் என்று கந்தோர்க்காரர் எவராவது இங்கிலீசில் எழுதிக் கொடுக்கவேண்டுமாம். ஆட்டை விற்றாயிற்றென்றும் சொன்னார். என்னில் அவருக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. கோபப்படுவதற்கு, ரின்னுக்குள் இருந்தது என்னவென்று அவருக்குத் தெரியாதே.

பத்து வருடமாக அறிவேன், நேர்மையானவர், விழிப்பானவர், கூரிய பார்வையுள்ளவர் என்று எழுதினேன். பத்து வருடம் என்பது மட்டும் பொய். எழுதிக்கொண்டிருக்கும்போதே மனைவி வந்து அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தாள். பிறகு அலுமாரிக்கு மேலிருந்து ரின்னை எடுத்து, மேசையில் வைத்து, மூடியைத் திறந்துவிட்டு உள்ளே போனாள்.

அவர் எட்டிப் பார்த்தார். மரத்தை வெளியே எடுக்கவில்லை. ஒரு விரலால் இலையைத் தொட்டார்.

"காய் கூட வச்சிருக்கீங்க," என்றார்.

நான் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கண் மரத்திலிருந்து மூடிக்கு வந்தது. மூடியில் சிவப்புச் சட்டை போட்ட ஒரு சிப்பாயின் படம்.

"இந்த டின்னுதானே ஐயா அன்னைக்கு ஒங்க மடியில இருந்துச்சு? சாப்பாடுன்னு சொன்னீங்களே."

நான் பேனா முனையைத் துடைத்தேன். அவர் மூடியைச் சரியாகப் பார்த்து, சத்தமில்லாமல் மூடினார். தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கோப்பையை நிலத்தில் வைத்தார். மை காயட்டும் என்று நான் விரித்து வைத்திருந்த கடிதத்தைப் பார்த்தார். அதை விட்டுவிட்டுப் போவார் என்று நினைத்தேன். போயிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாயிருந்திருக்கும்.

அவர் அதை எடுத்து, இரண்டாக மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டு போனார். அது அவருக்குத் தேவையாயிருந்தது.